மோலியேரைத் தமிழில் போட்டால் ஏன் சிரிப்பு வரவில்லை: கோளாறைத் தேடிச் சரிசெய்யும் முறை

பிரான்ஸின் மோலியேர், இத்தாலியின் கோல்டோனி, ருஷ்யாவின் கோகோல் என்று எந்தப் பழைய ஐரோப்பிய நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் எடுத்தாலும் அமெச்சூர் குழுக்களுக்கு அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கள் குழுவிலும், கூப்பிட்ட மற்ற குழுக்களிலும் ஸ்கிரிப்டும் பென்சிலுமாக ஒத்திகையில் உட்கார்ந்து பல வருடமாக இவற்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். "இந்த வெளிநாட்டு நகைச்சுவை நம்ம ஜனங்களுக்கு ஒத்துவராது" என்று பாதி வழியில் நாடகத்தையே கைவிட்ட குழுக்கள் உண்டு, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். போய்ப் பார்த்தால் ஸ்கிரிப்டில் பத்துப் பதினைந்து வரிகள்தான் பிசகியிருக்கும்.

உங்கள் குழுவில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், செலவு வைப்பதைக் கடைசியிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எதற்கும் முன்னால் ஒரு வேலை. எல்லா நடிகர்களையும் வட்டமாக உட்காரவைத்து, நடிக்காமல், நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் நேரத்தைக் குறிக்கட்டும். இன்னொருவர் ஸ்கிரிப்டில் மூன்று அடையாளம் போடட்டும்: சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, வந்திருக்க வேண்டும் ஆனால் வராத இடத்தில் ஒரு வட்டம், நாக்கு தடுக்கிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. இந்தத் தாள் கையில் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள்.


அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வசனத்தில் மட்டும் சிரிப்பு விழவில்லை

சிரிக்கவைக்கும் சொல் எங்கே நிற்கிறது?

முதலில் இதைப் பாருங்கள், பாதி நேரம் இதோடு முடிந்துவிடும். பிரெஞ்சு வாக்கியத்தில் வினை நடுவிலேயே வந்துவிடுவதால் வேடிக்கையான சொல் கடைசியில் வந்து விழும். அதைத் தமிழில் அப்படியே எழுதினால் வினை கடைசிக்குப் போய், வேடிக்கையான சொல் நடுவில் மாட்டிக்கொள்ளும். பார்வையாளர் சிரிக்க வாயெடுக்கும்போது நடிகர் "என்று சொல்லிக்கொண்டிருந்தார்" என்பதை இன்னும் முடித்திருக்கமாட்டார். அவர் முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள், சிரிப்பு போய்விடும்.

சோதனை: கதை தெரியாத ஒருவருக்கு அந்த வசனத்தைப் படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர் முகம் மாறுகிறதோ அதற்குப் பிறகு எத்தனை சொற்கள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்று இருந்தால் பரவாயில்லை. மூன்று இருந்தால் திருப்பி எழுத வேண்டும்.

திருப்பி எழுதுவதற்குத் தமிழிலேயே வழி இருக்கிறது. மோலியேரின் 'தார்த்துஃப்' நாடகத்தில், எஜமானியம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டில் தங்கியிருக்கும் போலிச் சாமியார் என்ன செய்தான் என்று வேலைக்காரி சொல்கிற வரி ஒன்று. "அம்மாவுக்குப் போன ரத்தத்துக்கு ஈடாக அவர் காலையில் நாலு மடக்கு ஒயின் குடித்தார்" என்பதை "அம்மாவுக்குப் போன ரத்தத்துக்கு ஈடா, காலையில இவர் ஏத்திக்கிட்டது நாலு மடக்கு ஒயின்" என்று மாற்றிவிடுங்கள். 'வந்தது யாரு', 'சொன்னது என்ன', 'கேட்டது எவ்வளவு' என்று நாம் தினமும் பேசுகிற அமைப்புதான் இது. வினையை முன்னால் தள்ளிவிடுவதால் கடைசி இடம் காலியாகக் கிடைக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் வசனமா?

'தார்த்துஃப்' நாடகத்தின் முதல் அங்கத்தில் ஒரு காட்சி. வீட்டுக்காரர் ஓர்கோன் இரண்டு நாள் வெளியூர் போய்விட்டு வருகிறார். வேலைக்காரி தொரீன், எஜமானியம்மாவுக்குக் காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி என்கிறாள். அவர் அதைக் காதிலேயே வாங்காமல், "சரி, தார்த்துஃப்?" என்கிறார். அந்தப் போலிச் சாமியார் கொழுகொழுவென்று, உதடெல்லாம் சிவந்து நன்றாக இருக்கிறான் என்கிறாள். "பாவம், மனுஷன்!" அம்மா ராத்திரி ஒரு வாய் சாப்பிடவில்லை. "சரி, தார்த்துஃப்?" அவர் இரண்டு கௌதாரியும் பாதி ஆட்டுத்தொடையும் சாப்பிட்டார். "பாவம், மனுஷன்!" இப்படியே நாலு தடவை.

எங்களுக்கு வந்த ஸ்கிரிப்டில் அந்த இடத்தில் "அந்த ஏழை மனிதர்!" என்று இருந்தது. ஆங்கிலம் வழியாக வந்த மொழிபெயர்ப்பு, 'புவர்' என்ற சொல் ஏழையாக மாறிவிட்டது. மூன்று வாரம் நடிகரைத்தான் எல்லோரும் குறை சொன்னோம். அவரும் குரலை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், கையை விரித்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மாலை ஒத்திகையில் அந்த மூன்று சொல்லை எடுத்துவிட்டு "பாவம், மனுஷன்!" என்று மாற்றினோம். மூன்றாவது தடவை வந்தபோது தேநீர் கொண்டுவந்த பையன் கதவருகே நின்று சிரித்துவிட்டான். நாடகத்தைப் பற்றி அவனுக்கு எதுவுமே தெரியாது.

இதில் பார்க்க வேண்டியவை. ஒன்று, பல்லவி மாதிரி வரும் வசனம் ஒவ்வொரு தடவையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறதா? 'கூறியது கூறல்' குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் "பாவம்", "ஐயோ பரிதாபம்", "என்ன கஷ்டமோ" என்று மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் முழுக்கத் தேடி ஒன்றாக்குங்கள். இரண்டு, முதல் தடவை சிரிப்பு வராவிட்டால் பதறாதீர்கள். இரண்டாவதில் லேசாகத் தலைகாட்டி, மூன்றாவதில் விழும். நாலாவதை நடிகர் முன்னைவிட மெதுவாக, மனம் உருகிச் சொல்ல வேண்டும்.

மூன்று, நீளம். மோலியேரின் 'கஞ்சன்' நாடகத்தில் ஆர்ப்பகோன் தன் மகளைக் கிழவர் ஒருவருக்குக் கட்டிக்கொடுக்க நினைக்கிறார், ஏனென்றால் அந்த ஆள் வரதட்சணை கேட்கவில்லை. மகளுக்கு இது சரிவராது என்று அவளுடைய ரகசியக் காதலன் வலேர் என்ன நியாயம் சொன்னாலும் பதில் ஒன்றுதான். பிரெஞ்சில் அது இரண்டே அசை. தமிழில் "வரதட்சணை இல்லாமல்" என்று ஒவ்வொரு தடவையும் முழங்க முடியாது. முதல் தடவை "வரதட்சணையே வேண்டாம்னுட்டார்" என்று முழுதாகச் சொல்லிவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் "வேண்டாம்னுட்டார்!" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வையுங்கள். கல்யாணப் பேச்சில் உட்கார்ந்து பழகிய நம் பார்வையாளருக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

இதே ஆசிரியரின் 'ஸ்காபேன்' நாடகத்தில் மகனைத் துருக்கிக் கப்பலில் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று நம்பி, அவனை மீட்கப் பணம் கொடுக்க மனமில்லாமல் கிழவர் ஜெரோந்த் புலம்புகிற வரியைப் பலர் "எந்தப் பேய் அவனை அந்தக் கப்பலுக்குள் செல்லத் தூண்டியது" என்கிற ரீதியில் எழுதுகிறார்கள். "அந்தக் கப்பல்ல அவனுக்கு என்ன வேலை?" முடிந்தது.

அப்படியும் விழவில்லையா?

அந்த வரி பேசப்படும் நேரத்தில் மேடையில் வேறு யாராவது அசைகிறார்களா என்று பாருங்கள். ஒருவர் தலைப்பாகையைச் சரிசெய்தால் போதும், கண் அங்கே போய்விடும். ஒரு ஒத்திகையில் பேசாதவர்கள் எல்லோரையும் சிலைபோல நிற்கச் சொல்லி நடத்திப் பாருங்கள். அதிலும் சிரிப்பு வராவிட்டால்தான் மொழிபெயர்ப்பிலேயே பொருள் தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: வட்டம் போட்ட இடங்கள் ஐந்தாறு என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே அங்கத்தில் இருபது என்றால் மூலமொழி தெரிந்தவர் வேண்டும். முழு நாடகத்தையும் அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை, வட்டம் போட்ட வரிகளை மட்டும் கொண்டுபோய், "இங்கே மூலத்தில் என்ன இருக்கிறது, எத்தனை சொல், அன்றாடப் பேச்சா பெரிய பேச்சா" என்று கேளுங்கள். பிரெஞ்சுக்குப் புதுச்சேரியிலும் சென்னையிலும் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஒரு மாலை நேரத்து வேலை, அவர்களுக்குரிய சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்.


அறிகுறி: ஒத்திகையில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, மேடையில் சத்தமே இல்லை

கேட்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. காட்சிக்கு முந்தைய நாள் அரங்கில் மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் ஓடவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். தமிழில் பொருள் முழுக்க விகுதியில் இருக்கிறது. "வருவான்" என்றானா "வரமாட்டான்" என்றானா என்பது சொல்லின் வாலில்தான் தெரியும். அமெச்சூர் நடிகர்கள் வாலை விழுங்கிவிடுகிறார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் சத்தமாகச் சொல்லி ஒரு ஒத்திகை நடத்தினால் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

கேட்கிறது, ஆனாலும் அமைதி என்றால், நடிகர்கள் சிரிக்கவைக்கப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். ஒத்திகையில் நண்பர்கள் சிரித்தது நண்பனுடைய முகச்சேட்டைக்கு, நாடகத்துக்கு இல்லை. கோகோல் தன்னுடைய 'அரசாங்க ஆய்வாளர்' நாடகத்தில் நடிப்பவர்களுக்கு இதைத்தான் வற்புறுத்தி எழுதிவைத்தார்: சிரிக்கவைக்க வேண்டும் என்ற நினைப்பு நடிகருக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பாத்திரத்தின் வேடிக்கை வெளியே வரும். ஆய்வாளர் என்று தவறாக எண்ணப்படும் ஹ்லெஸ்தகோவ், எழுநூறு ரூபிள் தர்ப்பூசணி, பாரிஸிலிருந்து கப்பலில் சட்டியோடு வரும் சூப், தன்னைத் தேடித் தெருத்தெருவாக ஓடிவந்த 35,000 தூதர்கள் என்று அளக்கிறானே, அந்த நேரத்தில் அவன் ஒவ்வொன்றையும் நம்புகிறான். நடிகர் கண்ணைச் சிமிட்டிவிட்டால் போச்சு.

சோதனை: அந்தக் காட்சியைச் சோக நாடகம் என்று சொல்லி ஒருமுறை நடிக்கவிடுங்கள். முன்பைவிட அதிகம் சிரிப்பு வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

சிரிப்பு வந்து அதை அடுத்தவர் வசனத்தால் மிதித்துவிடுகிறார்களா என்பதையும் பாருங்கள். சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனம் வர வேண்டும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாலும் தவறு. இரண்டு தடவை மிதித்தால் சிரித்தால் வசனம் போய்விடும் என்று பார்வையாளர் கற்றுக்கொண்டு, பிறகு சிரிக்கவே மாட்டார்கள்.

மைக் வாடகை, ஒலிக்காரர் எல்லாம் கடைசி. முந்நூறு பேருக்கு மேல் உட்காரும் மண்டபம், எதிரொலி இருக்கிறது என்றால் மட்டும் ஒலிக்காரரைக் கூப்பிட்டு நேரில் பார்க்கச் சொல்லுங்கள்.


அறிகுறி: 'ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் வேறொன்றை நினைக்கிற' காட்சி படுத்துவிடுகிறது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'கஞ்சன்' ஐந்தாம் அங்கம். ஆர்ப்பகோனின் பணப்பெட்டி திருடுபோய்விட்டது, வலேர்தான் எடுத்தான் என்று நினைக்கிறார். வலேரோ, அவருடைய மகள் எலீஸை ரகசியமாகக் காதலித்தது தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். இவர் பெட்டியைப் பற்றிப் பேச, அவன் பெண்ணைப் பற்றிப் பேச, காட்சி ஓடுகிறது. பிரெஞ்சில் பெட்டி என்ற சொல்லும் பெண்பால்தான், அதனால் ஒரே பிரதிப்பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது. தமிழில் 'அது' என்று சொன்னால் பெட்டி, 'அவள்' என்று சொன்னால் பெண், முதல் வரியிலேயே குட்டு உடைந்துவிடும். "அவள் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்" என்று வலேர் சொன்ன பிறகும் ஆர்ப்பகோனுக்குப் புரியவில்லை என்றால் அவர் கஞ்சன் இல்லை, செவிடு என்றுதான் பார்வையாளர் நினைப்பார்.

படி 1. அந்தக் காட்சியில் உள்ள அது, அதை, அவள், அவளை எல்லாவற்றையும் பென்சிலால் அடியுங்கள். முக்கால்வாசி இடத்தில் வாக்கியம் அது இல்லாமலேயே நிற்கும். "தொட்டியா?" என்றால் போதும், "அதைத் தொட்டியா" என்று யாரும் கேட்பதில்லை.

படி 2. பால் காட்டும் வினைமுற்றுகளைத் தேடுங்கள். இருக்கிறாள், இருக்கிறது, போனாள், போனது, இவைதான் எதிரிகள். எதிர்மறைக்கு மாற்றினால் பால் மறைந்துவிடும். "வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை" என்பது பெட்டிக்கும் சரி, பெண்ணுக்கும் சரி. மூலத்திலும் இதே கருத்து அங்கே இருக்கிறது, "என் வீட்டை விட்டு வெளியே போகலையே?" என்று ஆர்ப்பகோனே கேட்கிறார்.

படி 3. பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் இரண்டுக்கும் பொருந்துவதை வையுங்கள். இதில் தமிழுக்கு நல்ல அதிர்ஷ்டம் கிடைத்திருக்கிறது: செல்வம், தங்கம். பெற்ற பிள்ளையை நாம் கூப்பிடுகிற சொற்களே இவை. வலேர் அந்தப் பெண்ணைப் புதையல் என்று சொல்லும் இடம் மூலத்திலேயே உண்டு. "உங்க தங்கத்தை நான் கண்கலங்காம வெச்சிக்குவேன்" என்று அவன் சொல்ல, கிழவர் "என் தங்கத்தை நீ ஏண்டா வெச்சிக்கணும்!" என்று குதிக்கலாம். நாங்கள் போட்டபோது காட்சியிலேயே பெரிய சிரிப்பு இதற்குத்தான்.

படி 4. இவ்வளவும் செய்து, எழுதிய காட்சியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவரிடம் இது பெட்டியைப் பற்றியது என்றும், மற்றவரிடம் பெண்ணைப் பற்றியது என்றும் சொல்லிவிடுங்கள். இருவருமே எங்கும் இடறாமல் படித்து முடித்தால் காட்சி தயார். இடறுகிற வரியில் இன்னும் ஒரு 'அவள்' ஒளிந்திருக்கிறது.

இதற்கு வெளியாள் வேண்டியதில்லை, குழுவில் தமிழ் நன்றாகப் பேசுகிற யாராலும் முடியும்.


அறிகுறி: நாடகம் இழுக்கிறது

வாசிப்பில் எடுத்த நேரத்தையும் ஒத்திகை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒத்திகை இருபது நிமிடம் அல்லது அதற்கும் மேல் அதிகம் என்றால்: ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள், நேரம் வேறெங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் விளக்கணைப்பில். பழைய பிரெஞ்சு நாடகங்களில் 'காட்சி 4', 'காட்சி 5' என்று இருப்பது இடமோ நேரமோ மாறுவதால் இல்லை; ஒரு பாத்திரம் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ காட்சி எண் மாறும், அவ்வளவுதான். 'தார்த்துஃப்' முழுக்க ஒரே வீட்டில், ஒரே அறையில் நடக்கிறது. ஆனால் காட்சி எண்கள் முப்பதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் விளக்கை அணைத்து இருபது வினாடி இசை போட்ட ஒரு குழுவைப் பார்த்தேன், பத்து நிமிடம் இருட்டிலேயே போனது, அதைவிட மோசம் ஒவ்வொரு தடவையும் வேகம் செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. எண்களை அடித்துவிட்டு அங்கம் முழுவதையும் ஒரே மூச்சில் ஓடுங்கள். அந்த எண்களுக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு: யார் யார் எந்தப் பகுதிக்கு ஒத்திகைக்கு வர வேண்டும் என்று அட்டவணை போட அதைவிட வசதி கிடையாது.

அதன்பிறகு வசனத்துக்கும் வசனத்துக்கும் இடைவெளி. எதிராளி பேசி முடித்த பிறகு மூச்சு வாங்கித் தொடங்குகிறார்கள். எதிராளியின் கடைசிச் சொல்லின்போதே மூச்சை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வாசிப்பே இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால்: வெட்டத்தான் வேண்டும். 'தார்த்துஃப்' ஏறக்குறைய 2,000 அடிகள், பன்னிரண்டு அசை, எதுகை மாதிரி ஈரடி ஈரடியாக ஓடுகிற செய்யுள். உரைநடைத் தமிழாக்கும்போது ஒவ்வொரு அடியும் வீங்கிவிடும். ஓர்கோனின் மைத்துனர் க்ளெயாந்தின் நீண்ட அறிவுரைகளில் பாதியை எடுத்துவிடலாம், பார்வையாளர் ஏற்கெனவே அவர் கட்சிதான். எடுக்கக் கூடாதது எது என்றால், முதல் இரண்டு அங்கங்கள். கதாநாயகப் போலிச்சாமியார் மூன்றாம் அங்கத்தில்தான் மேடைக்கே வருகிறான், அதனால் பொறுமையிழந்து அவனைச் சீக்கிரம் கொண்டுவருவதற்காக முன்னால் உள்ளதை வெட்டுகிறார்கள். அவனைப் பற்றி வீடே அடித்துக்கொள்வதைக் கேட்டுக் கேட்டுத்தானே ஆள் எப்படி இருப்பான் என்று மனம் ஏங்குகிறது? வெட்டினால் அவனுடைய என்ட்ரிக்கு மதிப்பே இருக்காது.


அறிகுறி: நடிகர் நாக்கு தடுக்குகிறார், வசனம் மனதில் நிற்கவில்லை

நினைவாற்றலைக் குறை சொல்வதற்கு முன் பெருக்கல் குறி போட்ட இடங்களைப் பாருங்கள்.

ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால் இரண்டாக உடையுங்கள்.

எழுத்து நடையா? "நீ அவளை மணந்துகொள்ளப் போவதாக நான் கேள்விப்பட்டேனே" என்பதை யாராலும் இயல்பாகச் சொல்ல முடியாது, "நீ அவளைக் கட்டிக்கப்போறியாமே" என்பதை மறக்கவே முடியாது. அந்த 'ஆமே'யில் கேள்விப்பட்டதும், நம்பமுடியாததும், கொஞ்சம் குத்தலும் எல்லாம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், அவரையே ஒத்திகைக்கு அழைத்து உட்காரவைத்தால் அவரே மாற்றிக்கொடுப்பார்.

நீ, நீங்க தடுமாறுகிறதா? ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே ஒரு அட்டவணை போடுங்கள்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார். தொரீன் ஓர்கோனை எவ்வளவு வாரினாலும் "நீங்க", "ஐயா"வை விடக்கூடாது. மரியாதை குறையாமல் வாருவதில்தான் சுவை. வேலைக்காரப் பாத்திரம் என்றாலே சென்னைப் பாஷை கொடுப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தொரீனும் ஸ்காபேனும் அந்த வீட்டிலேயே மூளையுள்ளவர்கள், பாஷைக்காக அவர்களைப் பார்த்துச் சிரிக்கவைத்தால் நாடகத்தின் தலை கீழாகிவிடும். நடிகரின் சொந்த ஊர்ப் பேச்சு எதுவோ அதில் பேசவிடுங்கள்.


அறிகுறி: யார் யார் என்று பார்வையாளருக்குப் பிடிபடவில்லை

ருஷ்ய நாடகம் என்றால் உறுதியாக வரும், அங்கே ஒரே ஆளுக்குப் பல பெயர். மேடையில் ஒருவரை ஒரே பெயரால் மட்டும் கூப்பிட வேண்டும், அது முடிந்தால் பதவியாக இருக்கட்டும்: மேயர், நீதிபதி, போஸ்ட் மாஸ்டர். விதிவிலக்கு, 'அரசாங்க ஆய்வாளர்' நாடகத்தில் வரும் பாப்சின்ஸ்கியும் தாப்சின்ஸ்கியும். ஒரெழுத்து வித்தியாசம், இருவருக்கும் இயற்பெயரும் தந்தை பெயரும் ஒன்றே, குழப்புவதற்காகவே கோகோல் அப்படி வைத்தார். அதைத் தொடாதீர்கள்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் முழுத் தழுவலாகச் செய்யலாம். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வெனிஸை வாணீபுரமாகவும் ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் ஆக்கினார், ஒலியும் பொருந்தியது. ஆனால் பெயரை மட்டும் மாற்றிவிட்டுக் கௌதாரியையும் பிரபுப் பட்டத்தையும் அப்படியே விட்டால் இரண்டும் கெட்டான். மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அது புது நாடகம் எழுதுகிற அளவு வேலை. இரண்டு மாதத்துக்குக் குறைவாக நேரம் இருந்தால் இறங்காதீர்கள்.


அறிகுறி: ஓட்டம், அடி, ஒளிதல் உள்ள காட்சி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வருகிறது

காரணம் எப்போதும் ஒன்றுதான்: பொருட்கள் கடைசி வாரத்தில் வருகின்றன. கோல்டோனியின் 'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்' நாடகத்தில் த்ருஃபல்தீனோ இரண்டு அறைகளில் இருக்கும் இரண்டு எஜமானர்களுக்கு ஒரே நேரத்தில் பரிமாறுகிறான், நடுவில் தானும் வாயில் போட்டுக்கொள்கிறான். கோல்டோனி இதை 1740-களில் ஒரு நடிகருக்காகப் பெரும்பாலும் காட்சிக் குறிப்பாகத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார், முழு வசனம் பிறகு வந்தது. ஆகவே ஸ்கிரிப்டில் இல்லாததை நீங்கள்தான் நிரப்ப வேண்டும், அது வாய்க்கு வந்தபடி நிரப்புவது இல்லை. எந்தத் தட்டு எந்தக் கையில், எத்தனை எட்டில் கதவு என்று எண்ணி எழுதி, முதல் ஒத்திகையிலிருந்தே அதே தட்டோடு பழகுங்கள். ஆடுகிற புட்டிங் வேண்டும் என்றால் கடல்பாசியைக் கெட்டியாகக் காய்ச்சி ஊற்றிக்கொள்ளுங்கள், விளக்குச் சூட்டில் உருகாது, வாயில் போட்டாலும் வசனம் சிக்காது.

'தார்த்துஃப்' மேசைக் காட்சியில், ஓர்கோன் மேசைக்கு அடியில் ஒளிந்து கேட்க, அவர் மனைவி எல்மீர் அந்தப் போலியைப் பேசவைக்கிறாள். நிலைமை எல்லை மீறுகிறது, கணவன் வெளியே வரட்டும் என்று இருமுகிறாள், வரவில்லை. தார்த்துஃப் அவள் இருமலுக்கு மருந்து நீட்டுகிறான். ஒரு ஸ்கிரிப்டில் அது "லிக்கரைஸ்" என்று இருந்தது. மூலத்தில் இருப்பது அதிமதுரம். நம் வீட்டுப் பாட்டி கொடுக்கிற அதே அதிமதுரம். விரிப்பு தரைவரை தொங்க வேண்டும், அடியில் இருப்பவருக்கு ஒரு தலையணையும், இருமலுக்குப் பதில் சொல்வதுபோல விரிப்பு லேசாக அசைவதா வேண்டாமா என்ற முடிவும் வேண்டும். நான் அசையக் கூடாது என்பேன். அவர் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரியாமல் இருப்பதுதான் பதைப்பு.

இங்கே ஆளைக் கூப்பிடத் தயங்காதீர்கள்: ஸ்காபேன் மூட்டைக்குள் கிழவரை வைத்து அடிப்பது, 'ஆய்வாளர்' நாடகத்தில் ஒட்டுக்கேட்கும் பாப்சின்ஸ்கி கதவோடு சேர்ந்து உள்ளே விழுவது, இவை இரண்டுக்கும் மேடைச் சண்டை கற்றுக்கொடுப்பவர் ஒருவரும், கதவுக்கு நல்ல தச்சரும் வேண்டும். மூட்டைக்குள் இருப்பவருக்கு அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.


அறிகுறி: தேதி அறிவித்தாகிவிட்டது, யாரோ உரிமை கேட்கிறார்கள்

மோலியேர் 1673-இல் இறந்தார், அவர் எழுதியது யாருடையதும் இல்லை. மொழிபெயர்ப்பு அப்படி இல்லை. இந்தியாவில் மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 வருடம்வரை அவருக்கு உரிமை உண்டு, இலங்கையிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 70. தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அவர் எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து செய்தார் என்று கேளுங்கள்; பலரும் எடுத்தாளும் ரிச்சர்ட் வில்பரின் செய்யுள் மொழிபெயர்ப்பு இன்னும் உரிமைக்குட்பட்டது, அவர் இறந்தது 2017-இல்தான். கடிதம் வந்துவிட்டால் நீங்களே பதில் எழுதாதீர்கள், பதிப்புரிமை தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள்.


அறிகுறி: எல்லாம் நன்றாகப் போய் முடிவு மட்டும் சப்பென்று இருக்கிறது

'தார்த்துஃப்' முடிவில் அரசரின் அதிகாரி வந்து எல்லாவற்றையும் நேராக்கிவிடுகிறார். பார்வையாளர் ஏமாந்ததுபோல உணர்ந்தால், அதற்கு முன்னால் உள்ள பயம் போதவில்லை என்று பொருள். குடும்பம் வீட்டை இழக்கப்போகிறது, ஓர்கோன் சிறைக்குப் போகப்போகிறார் என்பதை நடிகர்கள் உண்மையாகவே நம்ப வேண்டும். 1664-இல் தடைசெய்யப்பட்டு 1669-இல்தான் முழுதாக அனுமதி கிடைத்த நாடகம் இது, அரசரைப் புகழும் அதிகாரியின் அந்த நீண்ட பேச்சை இன்று கால்வாசியாக்கினால் போதும்.

கோகோலின் முடிவு வேறு. உண்மையான ஆய்வாளர் வந்துவிட்டார் என்று காவலர் ஒருவர் அறிவித்ததும் எல்லோரும் கல்லாகிவிடுகிறார்கள், ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் என்று அவரே குறித்திருக்கிறார். பத்து வினாடியில் திரையை இறக்கிவிடுகிறார்கள், அதனால்தான் சப்பென்று இருக்கிறது. முதல் இருபது வினாடி சிரிப்பு இருக்கும். அப்புறம் அடங்கும். நாற்பதாவது வினாடிவாக்கில் பார்வையாளர் நாற்காலியில் அசைவார்கள், பயந்துபோய் விளக்கை அணைத்துவிடாதீர்கள். அதைத் தாண்டினால் அரங்கம் முழுக்க ஒரு அமைதி வரும், அதற்காகத்தான் இவ்வளவும். நடிகர்கள் எடையை இரண்டு காலிலும் சமமாக வைத்து நிற்கட்டும், தூக்கிய கையை முழங்கை உடம்பில் ஒட்டும்படி வைத்துக்கொள்ளட்டும், கண் சிமிட்டலாம். நேரத்தை எண்ணுகிற வேலையை மேடையில் நிற்கிற யாரிடமும் கொடுக்காதீர்கள், லைட்மேன் கையில் கடிகாரத்தைக் கொடுத்துத் தொண்ணூறு வரும்வரை சுவிட்சில் விரல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.